பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை வாங்கப் போகிறீர்களா?

குளுவாங்கிற்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். மகனுக்கு இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில், மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் விமானம் ஏறுகிறான். படிப்புக்கு உபகாரச் சம்பளம் உண்டு, உடுப்புக்கு இல்லை. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய கடையில் கம்பளி சுவெட்டர் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறி வந்துவிட்டார்களாம்.

பையனோ, அந்தக் காலத்து அமெரிக்கக் காலேஜ் மாணவர்கள் போட்டது போல வட்டக் கழுத்து சுவெட்டரும் தட்டைத் தொப்பியும்தான் வேண்டும் என்கிறான். பண்டல் கடையில் அதெல்லாம் மலிவாகக் கிடைக்கும் என்று அவன் கூட்டாளிகள் சொல்கிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "எவனோ போட்டுக் கழற்றிய துணியில்தானா என் மகன் சீமைக்குப் போக வேண்டும்? கடன் வாங்கியாவது புதுசு வாங்கு" என்கிறார். இரண்டு வாரமாக வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுத்தானாம். "என்ன செய்யட்டும் அக்கா?" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்டல் கடைக்குப் போங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். எதைத் தொட்டுப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

மற்ற வாசகர்கள் "நமக்கென்ன, ஜொகூர் வெயிலில் கம்பளியா?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறீர்கள். அங்கே இரவில் 15 பாகை அளவுக்குக் குளிர் இறங்கும். கோலாலம்பூருக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் இருக்கிறீர்கள். அந்தக் குளிர்சாதனத்தில் விடியும்வரை பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த விஷயம் உங்களுக்கும் ஆகும்.

கம்பளி நம்மவர்களுக்குப் புதிதும் இல்லை. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நம் பெண்கள் கம்பளியைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டுதான் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்தார்கள். 'கம்பளி' என்ற சொல்லையே துரைமார்கள் 'கம்ளி' என்று எழுதித் தங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டார்கள். எங்கள் பாட்டியின் தகரப்பெட்டியில் அப்படிப்பட்ட கறுப்புக் கம்பளி ஒன்று இருந்தது. போர்த்தினால் உடம்பெல்லாம் குத்தும். ஆனால் அடைமழைக் காலத்தில் அதற்குள் மூன்று பிள்ளைகள் தூங்கினோம்.

ஏன் குத்தும் என்று அப்போது தெரியாது. ஆட்டு மயிரின் பருமன்தான் காரணம். இழை தடித்திருந்தால் அதன் நுனி வளையாமல் தோலைக் குத்தும். மெரினோ ஆட்டின் இழை மிக மெல்லியது, தோலில் பட்டதும் வளைந்துவிடும். தமிழ்நாட்டிலேயே நீலகிரி ஆடு என்று ஓர் இனம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மெரினோ போன்ற சீமை ஆடுகளைக் கலந்து உண்டாக்கியது. அதன் கம்பளியும் மென்மையானதுதான். ஆகவே 'கம்பளி என்றால் அரிக்கும்' என்று ஒதுக்கிவிடக் கூடாது. எந்த ஆட்டுக் கம்பளி என்று பார்க்க வேண்டும்.

இனிப் பையன் கேட்கிற பாணிக்கு வருகிறேன். அதைக் கேலி செய்யாதீர்கள். பிள்ளைக்கு ரசனை இருக்கிறது. அவன் ஆசைப்படுவதுதான் நெடுநாள் உழைக்கிற துணி.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்களை ஐவி லீக் என்பார்கள். ஐவி என்பது பழைய கட்டடச் சுவர்களில் படரும் ஒரு கொடி. அங்குள்ள மாணவர்கள் உடுத்திய விதத்துக்கு ஐவி பாணி என்று பெயர் வந்தது. அதில் பெரும்பாலானவை விளையாட்டுத் திடலிலிருந்து வந்தவை. 'சுவெட்டர்' என்ற சொல்லே ஆங்கிலத்தில் வியர்வையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆட்டக்காரர்கள் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓடிய சட்டை அது. 1865இல் ஹார்வர்டு பேஸ்பால் குழுவினர் தங்கள் சட்டை மார்பில் 'எச்' என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் பின்னாளில் சுவெட்டருக்கு வந்து, எழுத்துப் போட்ட சுவெட்டர் ஒரு கௌரவமாகிவிட்டது.

சரி, அமெரிக்கப் பாணிச் சட்டை ஜொகூர் பண்டல் கடைக்கு எப்படி வந்தது? ஜப்பான் வழியாக! 1960களில் ஜப்பானிய இளைஞர்களுக்கு இந்த ஐவி மோகம் பிடித்து ஆட்டியது. இஷிசு கென்சுகே என்பவர் 'வான்' என்ற பெயரில் இந்தப் பாணி உடுப்புகளைத் தைத்து விற்றார். 1964 ஒலிம்பிக்குக்கு முன்பு, இப்படி உடுத்திக்கொண்டு தோக்கியோவின் கின்சா வீதியில் சும்மா நின்ற பையன்களைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றால் பாருங்களேன். மறு ஆண்டு, 1965இல், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை அவர்கள் இடத்துக்கே போய்ப் படமெடுத்து 'டேக் ஐவி' என்ற புத்தகம் ஜப்பானில் வெளிவந்தது. அன்று தொடங்கிய பழக்கம் அந்நாட்டில் இன்னும் விடவில்லை. அங்குள்ள வீடுகளில் அலமாரியைக் காலி செய்யும்போது கழிக்கிற துணிகள் கட்டுக்கட்டாக நம் நாட்டுக்கு வருகின்றன. ஜப்பானின் பழந்துணியை மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கட்டாக வருவதால்தான் 'பண்டல்' என்ற பெயரே. நம் சூட்டில் யாரும் கம்பளியைத் தேடாததால் அது மூலையில் கிடக்கும், விலையும் இறங்கும். நமக்கு அதுதானே வேண்டும்!

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. பிறர் கழித்ததைப் பிள்ளைக்குப் போடுவதா என்ற ரோஷம் நியாயமானது. 'செத்தவர் துணியாக இருந்துவிட்டால்?' என்ற பயமும் நம் வீடுகளில் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. புதிய, சுத்தமான கம்பளி சுவெட்டர் ஒன்றே நூற்றுக்கணக்கான வெள்ளி பிடுங்கும். கையிலுள்ள காசுக்குப் புதுசுதான் வேண்டும் என்று நின்றால், கடைக்காரர் உங்கள் கையில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது பெட்ரோலியத்திலிருந்து செய்த நூல். பார்க்கக் கம்பளி போலவே இருக்கும், கையில் பஞ்சாய் மெத்தென்றிருக்கும், காற்றடித்தால் வெடவெடக்க வைக்கும். லீட்ஸில் ஜனவரியில் பகலிலேயே 6, 7 பாகைதான். அங்கே கண்ணுக்குத் தெரியாத பிள்ளை புது அக்ரிலிக்கில் நடுங்க வேண்டுமா, துவைத்து வெயில் காட்டிய பழைய கம்பளியில் கதகதப்பாக வகுப்புக்குப் போக வேண்டுமா? கடன் வாங்கத்தான் வேண்டுமென்றால், மழைக்கும் காற்றுக்கும் தாங்கும் மேல்கோட்டுக்கும் சப்பாத்துக்கும் வாங்குங்கள். இவ்விரண்டையும் பழசாக வாங்கச் சொல்ல மாட்டேன்.

கடையில் எப்படிப் பார்ப்பது? முதலில் கழுத்துப் பட்டியையும் இடுப்போரத்து உள்தையலையும் புரட்டுங்கள். ஆங்கிலச் சீட்டாக இருந்தால் 'வூல்' என்றும் எத்தனை விழுக்காடு என்றும் போட்டிருக்கும். நூல்கண்டு முறுக்கியது போன்ற ஒரு சின்னம் இருந்தால் நல்லது. 1964 முதல் உள்ள வூல்மார்க் முத்திரை அது. ஜப்பானியச் சீட்டாக இருந்தால் பயப்பட வேண்டாம். கம்பளிக்கு அவர்கள் ஒற்றை எழுத்துத்தான் போடுவார்கள். குறுக்காக மூன்று கோடு, அவற்றை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு கோடு, அது அடியில் வலப்பக்கம் வளைந்து கொக்கி போல முடியும். அதன் பக்கத்தில் நம் எண்ணிலேயே 100 என்று இருந்தால் முழுக் கம்பளி. 70, 80 இருந்தாலும் பாதகமில்லை. அந்த ஒற்றை எழுத்தே இல்லாமல் நீளமாக ஏதோ எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பையனிடம் அந்த எழுத்தை ஒரு தாளில் வரைந்து கொண்டுவரச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை.

சீட்டு அறுந்து போனதும் நிறைய இருக்கும். அதற்கு நெருப்புச் சோதனை. வாங்கி வீட்டுக்கு வந்தபின் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம் சுணையைக் கிள்ளி, கொறட்டில் பிடித்து, தீக்குச்சி காட்டுங்கள். கம்பளியானால் தலைமயிர் கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக்கானால் உருகிச் சொட்டும், ஆறியபின் கறுப்பு மணியாகக் கெட்டியாகிவிடும். தயவுசெய்து கடைக்குள் இதைச் செய்ய வேண்டாம். நான் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அந்தச் சீனத்து அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அந்துப்பூச்சி தின்ற இடம் குண்டூசி முனை போல ஒளிரும். ஒன்றிரண்டு ஓட்டை என்றால் அதே நிற நூலில் தைத்துவிடலாம், ஐந்தாறு என்றால் வேண்டாம். முழங்கை மெலிந்திருக்கிறதா? மணிக்கட்டுப் பட்டியை இழுத்துவிட்டால் திரும்பச் சுருங்குகிறதா, தொளதொளவென்று நிற்கிறதா? அக்குளை முகர்ந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள். மேலே சின்னச் சின்ன உருண்டையாகச் சுணை திரண்டிருப்பது குற்றமில்லை, சீவி எடுத்துவிடலாம்.

அளவு விஷயத்தில் சீட்டை நம்பவே கூடாது. ஜப்பானியரின் 'எல்' பலருக்கு நம் 'எம்' போலத்தான் இருக்கும். பையனுக்குச் சரியாக இருக்கும் சட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோய், சுவெட்டர் மேல் விரித்து வைத்து அளந்து பாருங்கள். உள்ளே சட்டை போட்டு மேலே மாட்டுவது என்பதால் கொஞ்சம் தாராளம் வேண்டும். ஆனால் தோள் இறங்கித் தொங்கக் கூடாது.

எந்த வகை? ஒன்றே ஒன்று என்றால் ஷெட்லண்டு வட்டக் கழுத்து. ஸ்காத்லாந்துக்கு வடக்கே உள்ள தீவுக் கூட்டத்துக் கம்பளி. கொஞ்சம் முரடு, ஆனால் உள்ளே காலர் வைத்த பருத்திச் சட்டை இருந்தால் தோலில் படாது. ஐவி மாணவர்களும் அப்படித்தான் போட்டார்கள். இரண்டாவதாக ஒன்று எடுத்தால் மெல்லிய 'வி' கழுத்து மெரினோ. ஒரே ஒரு தடித்த சட்டையைவிட, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மெல்லியவை அதிகம் காக்கும். இடையில் நிற்கிற காற்றுத்தான் உண்மையான போர்வை. முறுக்குக் கயிறு போலப் பின்னிய வெள்ளை ஆரன் சுவெட்டரும் கண்ணில் படலாம். அயர்லாந்துத் தீவுகளில் குடும்பத்துக்கு ஒரு பின்னல் உண்டென்றும், கடலில் மூழ்கிய மீனவனை அதை வைத்தே அடையாளம் கண்டார்களென்றும் கதை சொல்வார்கள். கதைதான், அதற்காக இரண்டு வெள்ளி கூடக் கொடுக்காதீர்கள். ஆரன் நல்ல சட்டைதான், ஆனால் கனம். விமானத்தில் பெட்டியின் எடைக்குக் காசு கட்டப் போவது நீங்கள்.

நிறம் கருநீலம், சாம்பல், பழுப்பு, கரும்பச்சை இவற்றுக்குள் இருக்கட்டும். எல்லாக் கால்சட்டைக்கும் ஒத்துப்போகும், அழுக்கும் தெரியாது. ஆயிரம் பூப்போட்ட ஃபேர் ஐல் சுவெட்டரை 1920களில் இங்கிலாந்து இளவரசரே போட்டுப் பிரபலமாக்கினார். பையன் கேட்டால் மூன்றாவதாக வாங்கட்டும்.

தொப்பிக்கு வருவோம். அவன் கேட்கிற தட்டைத் தொப்பிக்கு அமெரிக்காவில் ஐவி கேப் என்றே ஒரு பெயர் உண்டு. ஆனால் அது மாணவர்கள் கண்டுபிடித்ததில்லை. உழைப்பாளிகளின் தொப்பி. இங்கிலாந்தில் கம்பளி வியாபாரம் நடக்க வேண்டுமென்று 1571இல் ஒரு சட்டமே போட்டார்கள். 6 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், பிரபுக்கள் நீங்கலாக, ஞாயிறுதோறும் கம்பளித் தொப்பி போட வேண்டும், போடாவிட்டால் அபராதம்! 1597இல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் சாதாரண மக்களின் தலையில் தொப்பி தங்கிவிட்டது. ஆலைத் தொழிலாளியும் போட்டான், பிறகு காலேஜ் பையனும் போட்டான். தோட்டத்துப் பிள்ளை போடுவதற்கு என்ன குறை?

ஒரு குறை உண்டு, காது மூடாது. நம் தாய்மார்களுக்கு அது போதும், தூக்கம் போய்விடும். தலை வழியாகத்தான் உடம்புச் சூடு பாதி போகும் என்று சொல்வது மிகைதான். மூடாத மற்ற இடத்தில் போவது போலத்தான் தலையிலும் போகும். என்றாலும் குளிர்காற்றில் காது வலி எடுக்கும் என்பது நிஜம். ஆகவே தட்டைத் தொப்பியோடு, காதுவரை இழுத்துவிடுகிற பின்னல் குல்லா ஒன்றும் வாங்கிவிடுங்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் குரங்குக் குல்லா வேண்டாம். அவன் விமான நிலையத்திலேயே கழற்றிப் பையில் போட்டுவிடுவான். தொப்பி அளவுக்குப் புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலாக ஒரு நூலைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். ஜப்பானியத் தொப்பியில் 57, 58 என்று சென்டிமீட்டரிலேயே இருக்கும்.

வாங்கி வந்ததும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, குளிர்பெட்டியின் ஐஸ் அறையில் ஒரு வாரம் வையுங்கள். அந்துப்பூச்சியும் முட்டையும் செத்துவிடும். பிறகு துவைப்பு. இங்கேதான் என் மானம் போன கதை. என் மகளுக்கென்று ஆசையாக வாங்கிய சாம்பல் நிற சுவெட்டரை, மற்றத் துணியோடு இயந்திரத்தில் போட்டுச் சுடுநீரைத் திருப்பிவிட்டேன். வெளியே எடுத்தபோது ஆறு வயதுப் பிள்ளைக்குத்தான் ஆகும்போல் சுருங்கிக் கிடந்தது. கம்பளி இழையில் மீன் செதில் போலச் செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், பிறகு எந்த வித்தையாலும் பிரியாது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

கம்பளியும் மயிர்தானே. தலைக்கு எது ஆகுமோ அது கம்பளிக்கும் ஆகும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு, அல்லது பூந்திக்கொட்டை ஊறவைத்த நீர். தேய்க்காமல் அமுக்கி அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றுங்கள். கொடியில் தொங்கவிட்டால் முழங்கால்வரை நீண்டுவிடும், நிழலில் பாய்மேல் விரித்துக் காயவையுங்கள். குளோராக்ஸ் பக்கமே போகக் கூடாது, கம்பளியையே கரைத்துவிடும். இதையெல்லாம் பையனைச் செய்யச் சொல்லி நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். அங்கே துவைக்கப் போவது அவன்தான்.

கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரருக்கு இப்போது கொஞ்ச நாளாக விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது நெஞ்சுச் சளி தொந்தரவு கொடுக்கிறதாம். அவருக்கும் அங்கேயே ஒன்று எடுக்கலாமா, எடுத்தால் போடுவாரா என்று. முதலில் கிளினிக்கில் காட்டுங்கள் அம்மா. சட்டைக்கு, முன்னால் பொத்தான் வைத்த கார்டிகன் பாருங்கள், மெல்லியதாக, சாம்பல் நிறத்தில். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் கழற்றி மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுவிடலாம். பால் வெட்டுக்கும் போகிறவராக இருந்தால் மரத்தடியில் போட்டுக்கொள்ள வேண்டாம். கம்பளியில் ரப்பர்ப் பால் சொட்டினால் போகாது. போடுவாரா என்று நீங்கள் கேட்க வேண்டாம். மகன் எடுத்துக் கொடுக்கட்டும்.